மாமியின் பாதி

என்னைப் பற்றி நானே நல்லவிதமாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. வருடம் 2002. எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் இருந்து பெங்களூருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அல்சூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, காக்ஸ் டவுனில் ருக்மிணி மாமி வீட்டு மாடியறையில் வாசம். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் தீர்மானம். ஆபீசில் நாலு பேர் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருந்தார்கள். அந்த நாலு பேரை இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மாமியின் குடும்பம் மைசூர் மகாராஜா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தது. மாமியின் கணவர் நாணு மாமா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவருடமே பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. காது கேட்கும், எல்லாம் புரியும், பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைப் பார்த்துச் சிரிப்பார். வாயைத் திறந்தால்தான் வார்த்தை வராது. ஆமா, இல்லை என்ற இரண்டு மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன. அவையும் சில நேரம் இடம் மாறி வரும். சாதம் போடட்டுமா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவார்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் சொன்ன யோசனையின்பேரில் மாமி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். திரையில் ஒரு படம் வரும். மாமா இடது கையால் மவுஸைத் தட்டினால் மாமியின் குரல், "இது என்ன?" என்று கேட்கும். மாமா யோசிப்பதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, "தண்ணி" என்று அதுவே பதிலும் சொல்லும். ஊர் பேர் தெரியாத தண்ணீர் இல்லை, அந்த வீட்டுச் சொம்பின் படம். அந்த வீட்டுக் கதவு, அந்த வீட்டுக் குடை. இப்படி இரண்டு வருடத்தில் மாமி நானூற்று இருபது வார்த்தைகளைத் தன் குரலில் பதிந்து வைத்திருந்தார். தினமும் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி. மாமாவுக்கு அறுபது வார்த்தை போலத் திரும்பி வந்திருந்தது, ஒரு தடவைக்கு ஒரு வார்த்தையாக. இரண்டைச் சேர்க்க மட்டும் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை மாமிக்கு அமைத்துக் கொடுத்தவன் நான். என்னிடம் சொந்தமாக ஒன்று இல்லாததால், மாமியின் அனுமதியோடு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் மாமிக்கு விண்டோஸும் மறு பாதியில் எனக்கு லினக்ஸும் போட்டுக்கொண்டேன். பாதி என்பது பேச்சுக்குத்தான், என் பங்கு கொஞ்சம் பெரிது. மெஷினைப் போட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பத்து நொடிக்குள் அம்புக்குறியைத் தட்டிக் கீழே இறங்காவிட்டால் தானாக என் பக்கம் போய்விடும். அப்படி வைத்தவனும் நானே. "அடுப்பை அணைச்சுட்டு வரதுக்குள்ள உன் வாத்து வந்து உக்காந்துடறதுடா" என்று லினக்ஸின் பெங்குவின் படத்தைப் பார்த்து மாமி அலுத்துக்கொள்வார். அது வாத்து இல்லை மாமி என்று திருத்துவேனே தவிர, வரிசையை மாற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

விண்டோஸ் மேல் எனக்கு அப்படி ஓர் இளக்காரம். லினக்ஸில் இருந்துகொண்டே மாமியின் பாதியைப் பார்க்க ஒரு வழி உண்டு. மாமியின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் அந்தப் பாதி முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் வந்து நிற்கும். கட்டளை கொடுக்காவிட்டால் ஃபோல்டர் வெறுமையாக இருக்கும். மெஷின் கிளம்பும்போதே அந்தக் கட்டளை ஓடும்படி முதலில் வைத்திருந்தேன். பிறகு, வைரஸ் பிடித்த பக்கம் என் பக்கத்தோடு ஒட்டக்கூடாது என்று அந்தக் கட்டளை வரியை நானே எடுத்துவிட்டேன். தீட்டுப் படக்கூடாது என்று மாமி வீட்டில் மடித்துணியை யாரும் தொடாமல் கொடியில் உயரமாகப் போட்டிருப்பார்கள், அதைக் கிண்டல் செய்வதில் எனக்கு ஈடு கிடையாது. என் லினக்ஸை நான் அதைவிட மடியாக வைத்திருந்தேன்.

அக்டோபரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லும் பயிற்சிக்கு மாமி தயாராகிக்கொண்டிருந்தார். "தண்ணி வேணும்", "கதவைத் திற" என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பதிய உட்கார்ந்தால், இடம் இல்லை என்றது மெஷின். மாமியின் பங்கு சின்னது, மீதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை என் பக்கத்தில் நான் இறக்கி வைத்திருந்த லினக்ஸ் சிடிக்களின் நகல்கள். அதை நான் சொல்லவில்லை. பெரிய மனது பண்ணி, என் செலவில் புது டிஸ்க் வாங்கிப் போடுவதாகச் சொன்னேன். மறுநாளே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடு போய் நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன்.

"ஏண்டா சிவா, எதுக்கும் பழசை சிடில எழுதி வெச்சுக்கலாமோ? அந்த பிரௌசிங் சென்டர்ல எழுதித் தரானாமே" என்றார் மாமி.

"இதுக்குப் போயா மாமி சிடி? இது லினக்ஸ். அப்படியே பூ மாதிரி தூக்கி இந்தப் பக்கம் வச்சிருவேன்."

"சரிப்பா. உனக்குத் தெரியாததா."

ஞாயிற்றுக்கிழமை மாமி மல்லேஸ்வரத்தில் ஒரு சீமந்தத்துக்குக் கிளம்பிப் போனார். மாமாவுக்குத் துணையாக நான். ஹாலில் மெஷினின் மூடியைக் கழற்றிப் புது டிஸ்க்கைப் பழையதோடு சேர்த்து மாட்டினேன். மாமா பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நான் திருகாணி கழற்றுவதை இன்ஜினியர் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். லினக்ஸில் நுழைந்து, என் பக்கத்தையும் மாமியின் ஃபோல்டரையும் சேர்த்துப் புது டிஸ்க்குக்கு நகலெடுக்கக் கட்டளை கொடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்று நினைத்தது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். "பாத்தீங்களா மாமா, லினக்ஸ்னா லினக்ஸ்தான்" என்று தொடையைத் தட்டிக்கொண்டேன்.

பழைய டிஸ்க்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மெஷினைப் புதியதிலிருந்து கிளப்பினேன். என் பக்கம் அழகாக வந்தது. என் கடிதங்கள், என் புரோகிராம்கள், என் பாட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மாமியின் பாதி வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. மறந்தேன் என்றால்கூட அது கௌரவமான வார்த்தை. நினைத்திருந்தால்தானே மறப்பதற்கு.

பழைய டிஸ்க்கை ஆபீஸ் நண்பன் சஞ்சய்க்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். மர்பி டவுனில் அறை எடுத்திருந்தான், அவனையும் லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அதை மறுபடி மாட்டி, முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போடத் தொடங்கினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. விளையாட்டாக மாமாவிடம் திரும்பி, "அழிச்சிரவா மாமா?" என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை" என்றார். இடது கையை மவுஸின் பக்கம் நீட்டி இன்னொரு தடவை, "இல்லை, இல்லை."

"ஆமான்னுதானே சொல்றீங்க, சரி சரி" என்று சிரித்துக்கொண்டே தட்டினேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தின்று செரிக்க முடியவில்லை. மாமா கையை மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு மணிக்கு சஞ்சய் பைக்கில் வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றரைக்கு மாமி வந்தார். சீமந்தத்துத் தேங்காயை மேஜையில் வைத்துவிட்டு, "ஆச்சாடா? நாலு மணிக்கு மாமா உக்காரணுமே" என்று கேட்டுக்கொண்டே காபி போட உள்ளே போனார். அப்போதுதான் பட்டியலில் கீழே இறங்கித் தட்டினேன். விண்டோஸ் வரவில்லை. கிளம்புவதில்தான் சிக்கல், கோப்புகள் இருக்கும் என்று லினக்ஸ் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். மாமியின் ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்கு முன் நான் எடுத்துவிட்ட அந்த ஒரு வரி. கதவைத் திறக்காமலே வீட்டைக் காலி செய்து எடுத்து வந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். நான் நகலெடுத்தது வெறும் ஃபோல்டரை. "ஐயோ, அவங்க பாதியக் காப்பியே பண்ணல. அழிச்சிட்டேன்" என்று வாய்விட்டே சொன்னேன். திரும்பினால் மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று முன்பே சொன்னேன்.

மாமி காபியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "என்னடா?" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக அரை நிமிடம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "பழைய டிஸ்க்ல உங்க பாதி கெட்டுப் போயிருந்திருக்கு மாமி. காப்பி பண்றப்பதான் தெரிஞ்சது. தானாவே போயிருச்சு. சரி பண்ண முடியுமான்னு ஃபிரெண்டுகிட்ட குடுத்து விட்டிருக்கேன்." ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரே மூச்சில் மூன்று வந்தது.

"எல்லாமா?"

"எல்லாம் மாமி."

மாமி டம்ளரை வைத்துவிட்டு மாமாவிடம் திரும்பினார். "ஏன்னா, நீங்க இங்கேயேதானே உக்காந்திருந்தேள். தானாவா போச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். அவரால் பேச முடியாது என்று அந்த நொடியில் நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான் பட்டேன்.

"ஆமா" என்றார் மாமா.

அது அவருடைய ஆமாவா, இடம் மாறி வந்த இல்லையா, எனக்குத் தெரியவில்லை. மாமி திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நீ ஏண்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுண்டிருக்கே? மெஷின்னா கெட்டுத்தான் போகும். காபி ஆறிப் போறது, குடி" என்றார். குடித்தேன்.

மறுநாளே சஞ்சயிடம் இருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கினேன். காரணம் கேட்டான், அவனிடமும் ஏதோ சொன்னேன். ஆபீசில் யாரும் பார்க்காதபோது, அழிந்ததை மீட்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நான்கு நாள் போராடி உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு துண்டு. ஹெட்போனில் கேட்டேன். "இது என்ன?" என்று மாமியின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு பதில் இல்லை, இரைச்சல்தான்.

வீட்டிலோ மாமா தினமும் நான்கு மணிக்கு மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போவாராம். மாமிதான் சொன்னார். காலையில் நான் மாடியிலிருந்து இறங்கும்போது முன்பெல்லாம் கையை அசைப்பவர், இப்போது என்னைப் பார்த்ததும் "ஆமா" என்றார். ஒவ்வொரு நாளும் "ஆமா". செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பழமொழி. எனக்கு நெஞ்சு குறுகுறுத்ததோடு, அந்த மனிதர் எங்கே குணமாகி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. குணமாகாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிற இடத்துக்கு நான் வந்துவிட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மாமி முதலிலிருந்து பதிய உட்கார்ந்தார். விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இந்தத் தடவை பெரிய பங்கை மாமிக்கே பிரித்து, பட்டியலில் அதை முதலில் வைத்திருந்தேன். படங்களை மறுபடி எடுத்தாகிவிட்டது. மைக்கை நான் இயக்க, மாமா பிரம்பு நாற்காலியில். "இது என்ன? தண்ணி." "இது என்ன? கதவு." பத்து வார்த்தைக்கு ஒரு தடவை மாமி வெந்நீர் குடித்தார். முப்பத்தெட்டாவது, மாமியின் போட்டோ. பதிவு பொத்தானைத் தட்டினேன். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது.

"இது என்ன?" என்ற மாமி, "யாரு" என்று திருத்திக்கொண்டு நிறுத்திவிட்டார். போட்டோவையே பார்த்தார்.

"இதுல மட்டும் பதில் நான் சொல்லலைடா. மாமா குரல்தான் இருந்தது. பேச்சு போய் எட்டு மாசத்துக்கு அப்புறம் முதல் முதலா 'ருக்கு'ன்னார் பாரு, அது. தற்செயலா மைக் ஓடிண்டிருந்தது. போறது போ. இப்போதான் தினம் கூப்பிடறாரே" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாமி, டிஸ்க் தானாப் போகல. நான்தான் அழிச்சேன். உங்க பாதியக் காப்பியே பண்ணல. வந்திருக்கான்னு பாக்கவும் இல்ல. மாமா வேணாம் வேணாம்னு சொன்னாரு. நான் சிரிச்சுக்கிட்டே அழிச்சேன். அப்புறம் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு நாள்" என்றார். "எட்டு நாளா என் கையால காபி வாங்கிக் குடிச்சிருக்கே."

மாமி மாமாவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஆமான்னேளே. தெரிஞ்சு சொன்னேளா, வாய் தவறி வந்துதா?"

மாமாவின் வாய் அசைந்தது. மாமி எப்போதும் எடுத்துக்கொடுக்க மாட்டார், காத்திருப்பார். காத்திருந்தார்.

"பையன்" என்றார் மாமா. நெற்றி நரம்பு புடைத்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வெளியே ஜீவனஹள்ளிப் பக்கம் போகிற ஆட்டோ ஒன்று இரைந்துகொண்டு போனது.

"பயந்துட்டான்."

மாமி எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருடத்தில் மாமா இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டும் எனக்காகச் செலவாயின. தெரிந்தேதான் ஆமா சொல்லியிருக்கிறார், என் முகத்தைப் பார்த்து, எனக்காக. நானோ அவர் பேசாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கியவன். எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்கு முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மாமியின் கண் திரைக்குப் போனது. பச்சைக் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பதியறதாடா?"

"ஆமா மாமி."

"நிறுத்து. சேவ் பண்ணு."

பண்ணினேன். "முன்னாடி நான் பேசினத வெட்டிரவா மாமி? மாமா சொன்னத மட்டும் தனியா வச்சுக்கலாம்" என்றேன்.

"வெட்டாதே" என்றார் மாமி. "நீ எதையும் வெட்ட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்குக் காபி வரவில்லை. பத்து நாளைக்கு மேல் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அந்த மாடியறையில்தான் இருந்தேன். மாமி நானூற்று இருபதையும் மறுபடி பதிந்தார், மேலும் பதிந்தார். ஆனால் மாமாவுக்குப் பிடித்தது அந்தக் கோப்புதான். தன் குரல் வருகிறதே. லீவு நாட்களில் மாலை நான்கு மணிக்கு மாடிக்கு நன்றாகக் கேட்கும். முதலில் மாமியின் "இது என்ன? யாரு." பிறகு நான், "டிஸ்க் தானாப் போகல. நான்தான் அழிச்சேன்." எல்லாம் முடிந்து மாமாவின் இரண்டு வார்த்தை. உடனே மறுபடி முதலிலிருந்து.

காபி வராத அந்த நாட்களில் ஒருநாள், யாரும் சொல்லாமலே டிஸ்க்கைக் கழற்றி பிரௌசிங் சென்டருக்கு எடுத்துப்போய், மாமியின் பதிவுகள் எல்லாவற்றையும் மூன்று சிடிக்களில் மூன்று நகலாக எழுதினேன். எழுதியதும் கிளம்பிவிடவில்லை. வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, அந்தக் கோப்பைத் திறந்து, கடைசி வரை கேட்டேன். அங்கே ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கர்தான் இருந்தது. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் மூன்று தடவையும் திரும்பிப் பார்த்தார்கள்.